படைக்குச் சென்ற முன்னோரும் பதிவேடுகளும்

மேலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று வழங்கும் வீடுகள் சில உண்டு. அப்பெயருக்குக் காரணமானவர் யார், எந்தப் படையில் சேர்ந்தார், எந்த நாட்டில் போரிட்டார், மீண்டு வந்தாரா, வாராவிடின் எங்கே மடிந்தார் என்று அவ்வீட்டாரையே வினவினால், தெளிவாக விடை கூறுவோர் அரியர். பாட்டனார் பெயரை எல்லாரும் அறிவர்; பாட்டனாரின் தந்தை பெயரை அறிந்தவர் சிலர்; அத்தந்தையின் தமையனார் ஒருவர் கடல் கடந்து சென்று மாண்டார் என்பதை அறிந்தவர் மிகச் சிலர். நிலத்தின் பட்டாவையும் கிரயப் பத்திரத்தையும் பெட்டியில் பூட்டிக் காக்கின்ற நாம், அந்நிலத்தை உழுதவரின் வரலாற்றை அவ்வாறு காப்பதில்லை.

படைக்குச் சென்ற முன்னோரைக் கல்லறைகளின் வாயிலாகவும் அடக்கப் பதிவேடுகளின் வாயிலாகவும் தேடிக் காணும் வழி யாது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன். இது வரலாற்றுப் பேராசிரியர்க்கே உரிய வேலை அன்று. எழுதப் படிக்கத் தெரிந்து, சிறிது பொறுமையும் உடையவர் எவரும் இதனைச் செய்யலாம்.

முதலில் செய்தியின் அளவை நோக்குவோம். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் படையிலும் படைக்குத் துணையான பணிகளிலும் சேர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 74,000 பேர் உயிர் நீத்தனர். 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை 25 லட்சம் பேர் வரை பெருகிற்று. ஏறத்தாழ 87,000 பேர் மாண்டனர். இவர்களில் சென்னை மாகாணத்தாரும் உண்டு. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படை, 1914 நவம்பரில் கிழக்காப்பிரிக்காவின் தாங்காத் துறைமுகத்தில் ஜெர்மானியரோடு பொருதது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர் படையினர் மெசபொத்தேமியா சென்று, பாலம் கட்டுதலும் பாதை அமைத்தலும் அகழி தோண்டுதலும் ஆகிய பணிகளைப் புரிந்தனர். கண்மாய்க் கரையில் மண் வெட்டிப் பழகிய கைகள் டைகிரிஸ் ஆற்றங்கரையிலும் மண் வெட்டின.

போரில் இறந்தவனுக்குக் கல் நட்டு, அவனை நினைவில் நிறுத்தும் வழக்கம் தமிழர்க்குப் புதிது அன்று. தொல்காப்பியம் புறத்திணையியலில், தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது வரை உள்ள படிகளை முறையாக வகுத்துக் கூறுகிறது. 2006ஆம் ஆண்டில், ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோட்பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், பட்ட ஒருவனுக்கு எடுத்த கல். அவன் பெயர், ஊர், நிகழ்ச்சி ஆகிய மூன்றும் அதில் உள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரார் தம்முள் இறந்தவனுக்குச் செய்த கடமை அது. நாம் இன்று தேடப்போவதும் அதே மூன்று செய்திகளைத்தான்.

ஐரோப்பியர் காலத்தில் இம்முறை மாறிற்று. கும்பினிப் படையில் இறந்த வெள்ளையர்க்குக் கல்லறை எழுப்பி, எழுத்துப் பொறித்தனர். அடக்கம் செய்த பாதிரியார் பதிவேட்டில் குறித்து, அதன் படியை மேலிடத்துக்கு அனுப்பினார். சென்னை மாகாணத்தின் அத்தகைய திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகள் 1698ஆம் ஆண்டு தொடங்கி இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் தொகுதி தொகுதியாக உள்ளன. 1905ஆம் ஆண்டில் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் ஆட்சிப்பணி அலுவலர், இம்மாகாணத்துக் கல்லறைகளின் எழுத்துகளைத் திரட்டிப் பெருநூலாக வெளியிட்டார். பாஞ்சாலங்குறிச்சிப் போரில் இறந்த ஆங்கிலப் படையினரின் கல்லறைகளை இன்றும் அங்கே காணலாம்.

எதிர்ப்புறத்தில் நின்று மாண்டவர்க்கும், வெள்ளையரின் கீழ்ப் பணிபுரிந்து மாண்ட நம்மவர்க்கும் அத்தகைய பதிவு வாய்க்கவில்லை. 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான் சாகிபின் அடக்கத்தலம் சம்மட்டிபுரத்தில் உளது. அவர் படைத்தலைவர் ஆதலின் இடம் நிலைத்தது. அவருக்காக மடிந்த சிப்பாய்களின் இடம் நிலைக்கவில்லை. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது இறந்த ஆங்கிலப் படையினரின் கல்லறைகள் கோட்டைக்கு எதிரே உள்ளன. அன்று கொல்லப்பட்ட சிப்பாய்களோ பல நூற்றுவர்; பெயர் பொறித்த கல் ஒன்றும் அவர்க்கு இல்லை. அவர்கள் அனைவர்க்குமாக 1998ஆம் ஆண்டில்தான் வேலூரில் ஒரு நினைவுத் தூண் எழுந்தது. ஆகவே, தேடத் தொடங்குவோர் இந்த உண்மையை முன்னரே உணர்தல் வேண்டும். கல் இல்லாமை ஆள் இல்லாமை ஆகாது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை சற்றே திருந்திற்று. 1917 மே 21ஆம் நாள், பேபியன் வேர் என்பவரின் முயற்சியால், பேரரசின் போர்க் கல்லறைகள் ஆணையம் அரசப் பட்டயத்தால் நிறுவப்பட்டது. 1960ஆம் ஆண்டில் அது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் எனப் பெயர் மாறிற்று. இறந்தோர் ஒவ்வொருவர் பெயரும் கல்லறைக் கல்லிலோ நினைவுச் சின்னத்திலோ பொறிக்கப்படல் வேண்டும், பதவியாலும் இனத்தாலும் சமயத்தாலும் வேற்றுமை காட்டல் கூடாது என்பன அதன் கொள்கைகள். அதன் கற்கள் எல்லாம் ஓரளவின. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே உயரம். கல்லின்மேல் படைப்பிரிவின் சின்னம், படை எண், பதவி, பெயர், இறந்த நாள், தெரிந்தால் வயது ஆகியவை இருக்கும். இரு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் பதிவுகள் அவ்வாணையத்திடம் உள்ளன. அவற்றை அதன் இணையத்தளத்தில் கட்டணமின்றித் தேடலாம்.

சென்னைக்கு அருகே நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தை அன்பர்கள் சிலர் பார்த்திருக்கலாம். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பற்பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் போர்க் காலத்துக் கல்லறைகளை, நிலையாகப் பேணும் பொருட்டு அங்கே கொணர்ந்து சேர்த்தனர். 850க்கு மேற்பட்ட கல்லறைகள் அங்கு உள்ளன. முதற் போர்க் காலத்தில் இந்தியாவின் பல ஊர்களில் அடக்கம் செய்யப்பட்டு, இன்று கல்லறை பேண இயலாத ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே ஒரு நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இதனால் ஒரு பாடம் பெறுகிறோம். அடக்கம் செய்த ஊரில் கல்லறை காணப்படாவிடின், அது வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அம்மாற்றத்தைக் குறித்த தாள்களையும் ஆணையம் காத்து வைத்துள்ளது.

நம்மவரைத் தேடுவோர் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. இந்து வீரர்களையும் சீக்கிய வீரர்களையும் பெரும்பாலும் எரியூட்டினர். ஆதலின் அவர்க்குக் கல்லறை இராது. அவர்கள் பெயரை எரியூட்டு நினைவுச் சின்னங்களில் தேடல் வேண்டும். கோகிமாவில் அத்தகைய சின்னம் ஒன்று 917 பெயர்களைத் தாங்கி நிற்கிறது. உடலே கிடைக்காதவர்க்கு வேறு சின்னங்கள் உள்ளன. பர்மாவில் மாண்டவரை இரங்கூனுக்கு அருகே தாவுக்கியானிலும், மலேயாவிலும் சிங்கப்பூரிலும் மாண்டவரைக் கிராஞ்சியிலும், முதற் போரில் பிரான்சில் மாண்டவரை நவ் சாப்பெலிலும், மெசபொத்தேமியாவில் மாண்டவரைப் பசுராவிலும் தேடலாம். இரண்டாம் போரில் இறந்த பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் வீரர்கள் 25,000க்கு மேற்பட்டோரைக் குறிக்கும் நினைவுச் சின்னம் டெல்லியிலும் கராச்சியிலும் இரட்டையாக உளது. எனவே, எந்தப் போர், எந்த நாடு என்ற இரண்டும் தெரிந்தால், தேடும் இடம் தானே சுருங்கிவிடும்.

அவ்விரண்டையும் அறிவது எங்ஙனம்? வீட்டிலிருந்தே தொடங்கல் வேண்டும். முதற் போரில் பணிபுரிந்தோர்க்கு அளித்த பதக்கங்களின் விளிம்பில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை மிக நுண்ணிய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். பலர் பதக்கத்தின் முகத்தைப் பார்ப்பர்; விளிம்பைப் பார்ப்பதில்லை. ஒரு வகைப் பதக்கம் வெள்ளியால் ஆனது. பஞ்ச காலத்தில் அது தட்டாரிடம் சென்றிருத்தலும் கூடும். போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு வெண்கல வட்டு ஒன்றும் தந்தனர். அதில் பெயர் மட்டுமே இருக்கும், பதவி இராது. இறப்பில் அனைவரும் சமம் என்பது அதன் கருத்து. இவையன்றி, உபகாரச் சம்பளப் புத்தகம், மணியார்டர் துண்டு, பழைய கடித உறை, முன்னாள் படைவீரர்க்கு அரசு நிலம் ஒப்படை செய்த ஆணை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பரணில் கிடக்கலாம். எல்லாவற்றினும் இன்றியமையாதது படை எண். பெயர் பலர்க்குப் பொதுவாகும். ஒரே படைப்பிரிவில் ஓர் எண் பலர்க்குப் பொதுவாதல் அரிது.

பெயரைத் தேடும்போது எழுத்துப் பிழைகளைக் கருதல் வேண்டும். நம் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியவர் தமிழ் அறியாதவர். ழகரம் லகரமாகும், ணகர னகர வேறுபாடு மறையும், ‘முத்துச்சாமி’ ஐந்தாறு வகையாக எழுதப்பட்டிருக்கும். ஒரு பெயரையே இரண்டாகப் பிரித்துப் பின்பகுதியைக் குடும்பப் பெயராகக் கொண்டிருப்பர். ஊர்ப்பெயரும் அவ்வாறே. மதுரை ‘மதுரா’ என்றும், திருநெல்வேலி ‘தின்னவெல்லி’ என்றும், திருச்சிராப்பள்ளி ‘திரிச்சினாப்பொலி’ என்றும் அந்நாளைய ஏடுகளில் வரும். சிவகங்கைப் பகுதியினர் பெயர்களை ‘ராம்நாடு’ என்னும் மாவட்டத்தின் கீழே தேடல் வேண்டும். எனவே ஓர் எழுத்தமைப்பில் கிடைக்கவில்லை என்று கைவிடலாகாது. ஒரு தாளில் எல்லா அமைப்புகளையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துவருதல் நன்று.

இம்முறையால் விளைந்த பயனுக்கு நான் அறிந்த ஒரு குடும்பத்தைச் சான்றாகக் கூறுவேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தாயார் வழிப் பாட்டனாருக்குத் தமையனார் ஒருவர் இருந்தார். முதற் போரின்போது படையிற் சேர்ந்தவர் திரும்பவில்லை. ‘சீமையில் செத்தார்’ என்பதே குடும்பத்தில் வழங்கிய செய்தி. இறந்த நாள் தெரியாமையால் அவர்க்குத் தனியே திவசம் இல்லை; ஆடி அமாவாசையன்று மற்ற முன்னோரோடு சேர்த்து எள்ளும் நீரும் இறைப்பதோடு சரி. அம்மாணவர் பூசையறையில் குங்குமம் அப்பிக் கிடந்த பதக்கத்தைப் புளியிட்டுத் துலக்கி, பூதக்கண்ணாடியால் விளிம்பைப் படித்தார். எண் கிடைத்தது, சாப்பர் என்னும் பதவியின் சுருக்கமும் படைப்பிரிவும் கிடைத்தன. ஆணையத்தின் பதிவில் அவ்வெண்ணைக் கொண்டு தேடவே, தந்தையின் பெயரும் ஊரும் ஒத்துவந்தன. அவர் மாண்டது சீமையில் அன்று, மெசபொத்தேமியாவில். நினைவிடம் பசுரா. இறந்த நாளும் தெளிவாக இருந்தது. அந்த ஆங்கில நாளுக்குரிய திதியைப் பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டு புரோகிதர் கணித்துக் கொடுத்தார். நூறாண்டு கழித்து அவ்வீட்டில் அவர்க்கென்று ஒரு நாள் வந்தது. அன்று என்னையும் அழைத்திருந்தனர். தொண்ணூறு வயதை எட்டிய மூதாட்டி ஒருவர், ‘எங்க பெரிய தாத்தாவுக்கு இப்பத்தான் சோறு போட்டோம்’ என்றார்.

அக்குடும்பத்தார் அதன்பின் பசுரா நினைவுச் சின்னத்தின் படத்தில் அவர் பெயரைத் தேடினர், காணவில்லை. காரணத்தை நேயர்கள் அறிதல் வேண்டும். 1929இல் திறக்கப்பட்ட அச்சின்னம் 40,000க்கு மேற்பட்டோரைக் குறிக்க எழுந்தது. ஆங்கிலேயர் அனைவரின் பெயரையும் அதில் பொறித்தவர்கள், இந்தியரில் அதிகாரிகளின் பெயரை மட்டுமே பொறித்தனர். ஏனைய இந்திய வீரர் 33,000க்கு மேற்பட்டோரைப் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று தொகையாக எழுதி முடித்தனர். பெயர்கள் ஏட்டில் இருந்தன, கல்லில் ஏறவில்லை. வேற்றுமை காட்டலாகாது என்ற கொள்கை கீழைநாட்டுப் பாலைவனத்தில் கைவிடப்பட்டது.

2021 ஏப்ரலில் ஆணையமே இதனை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. முதற் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருகால் 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அது கூறிற்று. பேரரசு மனப்பான்மையும் இனத் தப்பெண்ணமுமே காரணம் என்பதையும் அது ஒப்புக்கொண்டது. ஆணையம் வருத்தம் தெரிவித்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர் மன்னிப்புக் கோரினார். பிழையைத் திருத்தல் இயலும் என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரை அடுத்த குன்றில் முதற் போர்க் காலத்தில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 53 பேரின் நினைவாக 1921இல் ஒரு சத்திரி மண்டபம் திறக்கப்பட்டது. அவர்கள் பெயர்களைக் கல்லில் பொறித்து அதன் அருகே வைத்தது 2010ஆம் ஆண்டில்தான். பெயர்கள் ஏட்டில் காக்கப்பட்டிருந்ததால் அன்றோ, 89 ஆண்டு கழித்தேனும் கல்லில் ஏற முடிந்தது!

ஆணையத்தின் பதிவுகளில் அடங்காதவரும் உளர். போர் முடிந்து வீடு திரும்பிப் பல்லாண்டு வாழ்ந்து இறந்தவர் அதில் இரார். அவர்க்கு உள்ளூர்ப் பதிவுகளே துணை. கிறித்தவராயின் அவர் சார்ந்த கோவிலின் அடக்கப் பதிவேட்டையும், முஸ்லிமாயின் பள்ளிவாசல் ஜமாஅத்தின் ஏட்டையும் பார்க்கலாம். எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது அரசின் இறப்புப் பதிவு. சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், பின்னர் 1969ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின்படியும் இறப்புகள் பதியப்பட்டன. பழைய கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டமையால், அவர்கள் காலத்து ஏடுகளைப் பற்றித் தாலுகா அலுவலகத்தில் வினவுதல் வேண்டும். வெளிநாட்டில் இறந்தவர் பெயர் கிராமப் பதிவில் பொதுவாக இராது என்பதை மறக்கலாகாது.

படைப் பணி விவரங்களுக்கு, மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவராயின் நீலகிரி வெலிங்டனில் உள்ள ஆவண அலுவலகத்துக்கும், சாப்பராயின் பெங்களூருக்கும் எழுதலாம். எண்ணும் பெயரும் இன்றி எழுதினால் பயன் இராது. மதுரையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வழிகாட்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமும் பழைய அரசாணைகளைக் காத்து வருகின்றன.

இன்னொரு சாராரை மறத்தல் தகாது. மலேயாவுக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர் பலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அவர்கள் ஆங்கிலப் படையை எதிர்த்துப் போரிட்டவர் ஆதலின், ஆணையத்தின் பதிவில் இடம் பெறார். அப்படையில் மாண்டார்க்காகச் சிங்கப்பூரில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தையும், மீண்டு வந்த ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினர். அவ்விடத்தில் 1995இல்தான் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது. இவ்வீரர்களின் குடும்பத்தார், 1972இல் தொடங்கிய மத்திய அரசின் விடுதலைப் போராட்ட வீரர் உபகாரச் சம்பளத் திட்டத்தின் கோப்புகளையும் மாநில அரசின் கோப்புகளையும் நாடுதல் வேண்டும். விண்ணப்பத்தோடு இணைத்த சான்றுகளில் படைப்பிரிவும் சிறையிருந்த காலமும் குறிக்கப்பட்டிருக்கும்.

தேடியும் கிடைக்காதோர் பலர் இருப்பர். அதனால் முயற்சி வீணாயிற்று என்று கருதலாகாது. எந்த ஏட்டைப் பார்த்தோம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பார்த்தோம், என்ன காணவில்லை என்பதையும் எழுதி வைத்தால், அடுத்து வருபவர் அதே வழியில் மீண்டும் நடக்க வேண்டியதில்லை. கிடைத்த செய்தியை எழுதும்போது, ஏட்டில் கண்டது எது, வீட்டார் சொல்லக் கேட்டது எது, நாமே ஊகித்தது எது என்று மூன்றையும் பிரித்து எழுதுதல் வேண்டும். குடும்பப் பெருமையின் பொருட்டுச் சிப்பாயைச் சுபேதார் ஆக்குதல் இறந்தவர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முடிவாக ஆசிரியப் பெருமக்களுக்கும் இளைஞர்க்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஊர்ப் பள்ளியிலும் ஒரு குறிப்பேடு வைத்து, அவ்வூரிலிருந்து படைக்குச் சென்றோர் பெயர், தந்தை பெயர், படை எண், சென்ற ஆண்டு, திரும்பிய ஆண்டு அல்லது இறந்த இடம் ஆகியவற்றைப் பத்திகளாக்கிக் குறித்து வாருங்கள். மாணவர்கள் தம் வீட்டு முதியோரைக் கேட்டு எழுதி வரட்டும். பதக்கம் மங்கினாலும் துலக்கலாம். தாள் கிழிந்தாலும் படி எடுக்கலாம். ஒரு பெயரை அறிந்த கடைசி மனிதரும் மறைந்துவிட்டால், அதன்பின் எந்தப் பதிவேட்டில் எவரைத் தேடுவது என்பதே தெரியாமற் போகும். ஆதலின், வீட்டிலுள்ள மிக மூத்தவரிடம் சென்று கேட்பதை இந்த வாரமே தொடங்குங்கள்.